கொடிக்காய்களுக்குப் பந்தலும் கொழுகொம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடிக்காய் போடுகிறவர்கள் விதையைப் பற்றி நிறையக் கேட்பார்கள், உரத்தைப் பற்றி இன்னும் நிறையக் கேட்பார்கள். பந்தலைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் அது சாய்ந்த மறுநாள்தான் வரும். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் பீர்க்கம் பந்தலுக்கு நாலு மூங்கில் நட்டு மேலே நைலான் வலை கட்டியிருந்தேன். இரண்டு மாதம் கம்பீரமாக நின்றது. பூவும் பிஞ்சுமாய் மூடிக்கிடந்த சமயத்தில் ஒரு ராத்திரி காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. விடிந்து பார்த்தால் கட்டிலை மடக்கிப் போட்ட மாதிரி பந்தல் ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. மூங்கில் முறியவில்லை, கட்டும் அவிழவில்லை. ஒவ்வொரு காலடியிலும் மண் மட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஓரடி ஆழம்தான் நட்டிருந்தேன்.

கீழே உள்ள பதில்களில் காற்று, காலடி என்ற இரண்டு சொற்களும் அடிக்கடி வருவதற்கு அந்தக் காலைதான் காரணம்.

எல்லாக் கொடிக்கும் ஒரே மாதிரிப் பந்தல் போதாதா?

போதாது. கொடி எதைக் கொண்டு ஏறுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கழியா, கயிறா, வலையா என்று முடிவு செய்ய வேண்டும்.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை, கோவை, வெள்ளரி, பூசணி எல்லாம் பற்றுக்கம்பியால் ஏறுபவை. கணுவில் இருந்து நூல் மாதிரி ஒன்று நீண்டு காற்றில் துழாவும். எதிலாவது பட்டால் சுருண்டு பிடித்துக்கொள்ளும். ஒருநாள் வெள்ளரிக் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். நுனி பிடித்த பிறகு நடுப்பகுதி ஸ்பிரிங் போலச் சுருளும். பாதி தூரம் ஒரு திசையில் சுருண்டு, நடுவில் ஒரு சிறு நேர்கோடு விட்டு, மீதி எதிர்த்திசையில் சுருண்டிருக்கும். இரு முனையும் கட்டுண்டு கிடக்கும் ஒன்றால் ஒரே பக்கம் முறுக்கிக்கொண்டே போக முடியாது, அதனால் இந்த ஏற்பாடு. காற்றடிக்கும்போது அந்தச் சுருள் நீண்டு சுருங்கி, தண்டு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது. சார்லஸ் டார்வின் 1860களில் இதையெல்லாம் நாள் கணக்கில் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்.

இந்தப் பற்றுக்கம்பிக்குத் தடித்த கழி உதவாது, சுற்றி வளைக்க அதற்கு நீளம் பற்றாது. கயிறு, கம்பி, வலை, சுள்ளி போன்ற மெல்லிய பிடிதான் வேண்டும். பட்டாணி இன்னும் மோசம், பென்சிலைவிடத் தடிமனான எதையும் பிடிக்க மறுக்கும்.

கொடி பீன்ஸ், காராமணி, அவரை, கொடிப்பசலை எல்லாம் தண்டையே முறுக்கி ஏறுபவை. இவற்றுக்குச் செங்குத்தான கழியோ கயிறோ போதும். பெருவிரல் பருமன் இருந்தாலும் சுற்றிக்கொண்டு போய்விடும். வழவழப்பான குழாயில் மட்டும் வழுக்கும். அதற்குக் குழாயின் மேல் சணல் கயிற்றைச் சுற்றிவிட்டால் தீர்ந்தது.

தக்காளிக்கு இரண்டும் கிடையாது. அது ஏறுவதில்லை, சாய்கிறது. நாம்தான் கட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பீன்ஸ் கொடியைக் கோலில் சுற்றிவிட்டால் மறுநாள் அவிழ்ந்து கிடக்கிறதே?

தப்பான பக்கம் சுற்றியிருப்பீர்கள். கொடி பீன்ஸ் மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். நாம் மாற்றிச் சுற்றினால் தானே அவிழ்த்துக்கொள்ளும். வள்ளிக்கிழங்குக் கொடிகளில் வகைக்கு வகை திசை மாறும் என்பதால், சந்தேகம் வந்தால் ஏற்கெனவே சுற்றியிருக்கும் பக்கத்துக் கொடியைப் பார்த்துச் செய்யுங்கள்.

எவ்வளவு எடை தாங்கும்படி கட்ட வேண்டும்?

காயின் எடையைத்தான் எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். ஒரு சமயத்தில் ஒரு பாகற்கொடியில் தொங்கும் காயெல்லாம் சேர்த்தாலும் சில கிலோதான். இலையும் தண்டும் மழையில் நனைந்த கனத்தைச் சேர்த்துக்கொண்டாலும் அது கீழ்நோக்கிய எடை. நட்ட கால் அதைச் சுலபமாகத் தாங்கும்.

காற்று பக்கவாட்டில் தள்ளுவது வேறு கதை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் சுவரைச் சுமார் 6 கிலோ விசையில் தள்ளும். வேகம் இரட்டிப்பாகி 72 ஆனால் தள்ளுவது இரட்டிப்பாகாது, நாலு மடங்காகி 25 கிலோவைத் தொடும். இப்போது 2 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள ஒரு படலில் (நட்டமாக நிற்கும் சட்டத்தில்) கொடி அடர்ந்து மூடியிருக்கிறது என்று வையுங்கள். 4 சதுர மீட்டர். முழுச் சுவராக இருந்தால் 100 கிலோ. இலைகள் ஒதுங்கிப் பாதிக் காற்றை விட்டுவிட்டாலும் 50 கிலோ. நன்றாக வளர்ந்த ஒரு பையன் இடுப்புயரத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளுகிற மாதிரி.

ஆகவே நாற்று இரண்டிலை விட்டிருக்கும் நாளின் பந்தலைக் கட்டாதீர்கள். இலை மூடி, காய் பிடித்து, மண் ஊறி, காற்றும் அடிக்கும் நாளின் பந்தலைக் கட்டுங்கள்.

பந்தல் காலை எவ்வளவு ஆழம் நட வேண்டும்?

கழியின் மொத்த நீளத்தில் கால் பங்குக்குக் குறையாமல் மண்ணுக்குள் போக வேண்டும். பொலபொலவென்ற மண்ணாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. 8 அடிக் கழிக்கு 2 அடி, இளக்கமான மண்ணில் இரண்டே முக்கால். கொடிக்காய்க்கு என்று கொத்தி, எருப்போட்டு இளக்கி வைத்திருக்கும் இடம்தான் கால் பிடிப்பதற்கு மிக மோசமான இடம் என்பதையும் மறக்க வேண்டாம். முடிந்தால் பாத்திக்கு வெளியே, கெட்டி மண்ணில் நடுங்கள்.

மண்வெட்டியால் அகலமாகக் குழி பறித்தால் சுற்றிலும் தளர்ந்த மண்தான் மிஞ்சும். கடப்பாரையால் கழியின் பருமனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துளை போட்டு, கழியை இறக்கி, மண்ணை ஒரு சாண் அளவு போடுவதும் குத்தி இறுக்குவதுமாக மேலே வர வேண்டும். எல்லா மண்ணையும் ஒரேயடியாகத் தள்ளிவிட்டு மேலே நின்று மிதித்தால் மேல் அரையடிதான் இறுகும், அடியில் காலி. ஓட்டுத்துண்டு, கருங்கல் சில்லு இருந்தால் அடியிலும் வாயிலும் ஆப்பு மாதிரி அடித்து இறக்குங்கள்.

சோதனை எளிது. மண்ணை நன்றாக நனைத்துவிட்டு, தோள் உயரத்தில் கழியைப் பிடித்துத் தள்ளுங்கள். கழி வளையலாம். காலடி மண் அசையக் கூடாது.

மூங்கிலா, இரும்பா, பி.வி.சி. குழாயா?

மூங்கில் எடைக்கு நல்ல வலு. ஆனால் மண்ணில் புதைத்த மூங்கில் ஓரிரண்டு ஆண்டுக்குமேல் தாக்குப்பிடிப்பது அரிது. அழுகல் தொடங்கும் இடம் அடிநுனி அல்ல, ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் தரைமட்டம். அங்கேதான் கத்தியை வைத்துக் குத்திப் பார்க்க வேண்டும்.

இதற்கு நான் செய்வது இதுதான்: மூன்றடி நீள இரும்புக் குழாயை இரண்டடி மண்ணுக்குள் அடித்து, ஓரடி வெளியே விடுவேன். மூங்கிலின் அடியை ஒரு தட்டைக்கல்லின் மேல் நிறுத்தி, வெளியே நிற்கும் குழாயோடு சேர்த்து மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் இறுகக் கட்டிவிடுவேன். மூங்கிலில் மண் படாது. கரையானும் ஏறுவதற்குமுன் கண்ணில் பட்டுவிடும். பழசானால் மூங்கிலை மட்டும் மாற்றலாம்.

தடித்த பக்கம் கீழே இருக்கட்டும். மேல் நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கணு மூடி போல அடைத்துக்கொள்ளும். இரண்டு கணுவுக்கு நடுவே வெட்டினால் குழலில் தண்ணீர் தேங்கி மூங்கிலும் அழுகும், கொசுவும் முட்டையிடும். ஆணி அடித்தால் நீளவாக்கில் பிளக்கும். துளை போட்டுப் போல்ட் மாட்டலாம், இல்லாவிட்டால் கட்டுவதே மேல். மூங்கிலைச் சிமென்ட்டுக்குள் நிறுத்த வேண்டாம், காய்ந்து சுருங்கி இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளும்.

ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) பல வருடம் வரும். ஒன்று அல்லது ஒன்றேகால் அங்குலம் போதும். இதைச் சிமென்ட் போட்டு நிறுத்தலாம். சிமென்ட்டின் மேற்புறத்தைக் குழாயில் இருந்து வெளிப்பக்கம் சரிவாக வழித்துவிடுங்கள், தண்ணீர் காலடியில் நிற்காது. கட்டட வேலைக்கான 10, 12 மி.மீ. முறுக்குக் கம்பி தக்காளிக்கு நல்ல ஊன்றுகோல், பந்தல் காலுக்கு ஒல்லி.

பி.வி.சி. குழாய் பார்க்க நேர்த்தியாக இருக்கும். வெயில் ஏறினால் இளகி வளையும், காலப்போக்கில் வெயிலிலேயே நொறுங்கும் தன்மைக்கும் வந்துவிடும். கையில் இருக்கிறது, பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் உள்ளே ஒரு முறுக்குக் கம்பியைச் செருகுங்கள். அப்புறம் வேலை செய்வது கம்பிதான்.

கம்பியை எவ்வளவு இறுக்கினாலும் தொய்கிறது. இன்னும் இறுக்கினால் ஓரக் கால்கள் உள்ளே சாய்கின்றன. ஏன்?

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. இரு காலுக்கு நடுவே படுக்கையாகக் கட்டிய கம்பி எவ்வளவுக்கெவ்வளவு நேராக நிற்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு கால்களை உள்ளே இழுக்கும். தொய்வைப் பாதியாக்கினால் இழுவிசை இரட்டிப்பாகும்.

ஒரு கணக்கு. 3 மீட்டர் இடைவெளி, மீட்டருக்கு 5 கிலோ கொடிப்பாரம், நடுவில் 5 செ.மீ. தொய்வு. கம்பி இரு ஓரக் கால்களையும் ஏறத்தாழ 112 கிலோ விசையில் இழுக்கும். 15 செ.மீ. தொய்வை அனுமதித்தால் 37 கிலோவுக்கு இறங்கிவிடும். தொய்வே பிடிக்காதென்றால் நடுவில் இன்னொரு கால் நடுங்கள். இடைவெளி ஒன்றரை மீட்டர் ஆகும், அதே 5 செ.மீ. தொய்வுக்கு இழுவிசை 28 கிலோதான். முறுக்கி முறுக்கிக் கையைப் புண்ணாக்கிக்கொள்வதைவிட நடுவில் ஒரு கழி நடுவது எத்தனையோ மேல்.

ஓரக் கால்களுக்கு வெளிப்பக்கமாக இழுகம்பி கட்டாயம். காலின் உச்சியில் இருந்து 45 பாகைச் சாய்வில் கொண்டுவந்து, தரையில் வெளிப்பக்கம் சாய்த்து அடித்த முளையில் கட்டுங்கள். வெளியே இடமில்லையா? உள்பக்கம் சாய்வாக ஒரு முட்டுக்கழி கொடுங்கள். நாலு மூலைச் சட்டம் எவ்வளவு கெட்டியாகக் கட்டினாலும் கோணலாகிச் சாயும். குறுக்கே ஒரு கழி விழுந்து முக்கோணமானதும் அசையாது.

கம்பியின் பருமனைச் சொல்லும் கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். பந்தலின் முதுகெலும்புக் கம்பிக்கு 10 கேஜ் (சுமார் 3.25 மி.மீ.) அல்லது 12 கேஜ் (2.64 மி.மீ.). நடுவில் ஓடும் குறுக்குக் கம்பிகளுக்கு 14 அல்லது 16 போதும்.

கழிகளைப் பிடிமானமாகக் கட்டுவது எப்படி?

குறுக்கும் நெடுக்குமான இரண்டு கழிகளைக் கட்டும்போது பலர் ஒரே சுற்றாகச் சுற்றிச் சுற்றிக் கயிற்றைத் தீர்த்துவிடுகிறார்கள். நெட்டுக்கழியில் முதலில் ஒரு முடிச்சு. பிறகு குறுக்குக்கழிக்கு முன்னால், நெட்டுக்கழிக்குப் பின்னால் என்று சதுரமாக மூன்று நாலு சுற்று. இதுவரை எல்லாரும் செய்வதுதான். அடுத்தது முக்கியம்: இரண்டு கழிகளுக்கும் இடையில் கயிற்றை நுழைத்து, ஏற்கெனவே போட்ட சுற்றுகளையே இடுப்பைப் பிடிப்பது போல இரண்டு மூன்று முறை நெரித்துச் சுற்றுங்கள். அப்போது ஒரு கிறீச் சத்தம் வரும், கழிகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். முடிச்சை அதற்குப் பிறகு போடுங்கள்.

கட்டுக்கம்பி என்றால் இரட்டையாக மடித்து, குறடால் இழுத்துப் பிடித்துக்கொண்டே முறுக்க வேண்டும். இழுக்காமல் முறுக்கினால் கம்பிதான் அறும், கட்டு இறுகாது. வெட்டிய நுனியை உள்ளே மடக்கிவிடுங்கள். காய் பறிக்கும் கை அந்தப் பக்கமாகத்தான் வரும்.

நார்க்கயிறு மழையிலும் வெயிலிலும் மாறி மாறித் தளரும். முதல் மழை கழிந்ததும் ஒருமுறை சுற்றி வந்து இறுக்குங்கள்.

படலா, பந்தலா?

நட்டமாக நிற்பதைப் படல் என்றும், தலைக்குமேல் விரிவதைப் பந்தல் என்றும் வைத்துக்கொள்வோம்.

பாகல், வெள்ளரி, பீன்ஸ், காராமணி, பட்டாணி, கோவை இவற்றுக்குப் படல் போதும். இடம் குறைவு, பறிப்பது எளிது, இலைகளுக்குள் காற்றோட்டம் இருப்பதால் சாம்பல் நோயும் குறையும். இரண்டு படல்களைத் தலையில் சேர்த்துக் கூடாரமாகக் கட்டினால் அதுவே முக்கோணம், தனியாக முட்டு வேண்டாம்.

சுரை, புடலை, பீர்க்கு இவற்றுக்குப் பந்தல்தான். காய் தொங்கி நேராக வளரும், இலைக் கூரைக்குக் கீழே கண்ணுக்கும் தெரியும். நீளப் புடலை ஒன்றரை மீட்டரைத் தாண்டும், ஆகவே பந்தல் 6 அடிக்குக் குறைந்தால் காய் தரையைத் தொடும், நீங்கள் குனிந்தே பறிக்க வேண்டியிருக்கும். ரொம்ப உயர்த்தினாலும் காற்றின் பிடி கூடும், பறிக்க ஏணி தேடுவீர்கள். கையை உயர்த்தினால் விரல் வலையைத் தொட வேண்டும், அதுதான் அளவு.

பந்தலுக்கு ஏறும்வரை பக்கக்கிளைகளைக் கிள்ளிவிட்டு ஒற்றைத் தண்டாக ஏற்றுங்கள். கூரையைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கம் பரவும். சுரையிலெல்லாம் பெண்பூ அதிகம் வருவது பக்கக்கிளைகளில்தான்.

வலையின் கண் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

உங்கள் கை காயோடு உள்ளே போய் வெளியே வர வேண்டும். 10 முதல் 15 செ.மீ. சரி. சிறு கண் வலையில் பிஞ்சு நுழைந்து அங்கேயே பருத்துவிடும். இடுப்பில் கயிறு இறுகிய பாகற்காயை வலையை அறுக்காமல் எடுக்க முடியாது. இன்னொன்று, தரையோரம் தளர்வாகத் தொங்கும் மெல்லிய நைலான் வலையில் பாம்பும் ஓணானும் சிக்கிச் சாகின்றன. வலை தரையில் இருந்து ஓரடி மேலே தொடங்கட்டும். அந்த இடைவெளிக்கு நாலு சணல் கயிறு தொங்கவிட்டால் கொடி ஏறிக்கொள்ளும்.

சணலில் இன்னொரு சௌகரியம், பருவம் முடிந்ததும் கொடியோடு சேர்த்து அறுத்துக் கம்போஸ்ட் குழியில் போட்டுவிடலாம். நைலானில் காய்ந்த பற்றுக்கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு ஒரு மத்தியானம் உட்கார வேண்டும்.

மாடியில் மண் இல்லையே, கால் எங்கே நடுவது?

வளர்ப்புப் பையிலேயே கழியைச் செருகுவதை மறந்துவிடுங்கள். தளத்தில் துளை போடவும் வேண்டாம், தண்ணீர் இறங்கும்.

20 லிட்டர் வாளியில் கான்கிரீட் போட்டுக் குழாயை நடுவில் நிறுத்துவது வழக்கமான யோசனை. நல்லதுதான், ஆனால் அரைகுறை. அந்த வாளி 48 கிலோ வரை கனக்கும், தூக்கினால் இடுப்பு பிடிக்கும். ஆனாலும் அடிப்பாகம் ஒரு சாணுக்குச் சற்றே கூடுதல். ஒரு மீட்டர் உயரத்தில் 6 கிலோ விசையில் தள்ளினால் தனி வாளி கவிழும். கனம் மட்டும் கவிழ்வதைத் தடுக்காது, அகலமும் வேண்டும்.

அதே மாதிரி நாலு வாளிகளைச் சதுரமாக 1.2 மீட்டர் இடைவெளியில் வைத்து, குழாய்களின் தலையைச் சட்டத்தாலும் பக்கங்களைக் குறுக்குக் கழியாலும் இணையுங்கள். இப்போது முழுச் சட்டத்தையும் கவிழ்க்கச் சுமார் 115 கிலோ வேண்டும். நாலு வாளிக்கு நாலு மடங்கு பலம் வரும் என்று நினைத்திருப்பீர்கள், வந்திருப்பது ஏறக்குறைய 19 மடங்கு. கான்கிரீட் வேண்டாம் என்றால் மணல் நிரப்பலாம், கனம் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும்.

தளத்தின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக வையுங்கள். கைப்பிடிச்சுவரைத் தாண்டி உயரும் படல் எதுவும் காற்றின் வாயில் நிற்கிறது. அது தெருவில் போகிறவர் தலையில் விழக் கூடாது.

பூசணி, முலாம்பழம் போன்றவற்றைத் தொங்கவிடலாமா?

சின்னப் பூசணி தாங்கும். பாரம் ஏற ஏறக் காம்பும் தடிக்கும். ஒன்றரை, இரண்டு கிலோவைத் தாண்டும் வகை என்றால் பழைய துணியிலோ வலையிலோ தூளி கட்டுங்கள். தூளியைப் பந்தலில் கட்ட வேண்டும், கொடியில் அல்ல. தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும். முலாம்பழம் எடை குறைவானாலும் தூளி அவசியம், ஏனென்றால் பழுத்ததும் காம்பில் இருந்து தானே கழன்று விழும். பெரிய பூசணியைத் தரையிலேயே விட்டுவிடுங்கள். தரையில் ஓடினால் கணுவுக்குக் கணு வேர் விட்டு நன்றாகவே இருக்கும்.

தக்காளிக்கு?

குட்டை ரகத்துக்கு ஒரு கழி. வளர்ந்துகொண்டே போகும் ரகத்துக்கு 6 அடிக் கழி அல்லது மேலே ஓடும் கம்பியில் இருந்து தொங்கும் கயிறு. கட்டும்போது எட்டு என்ற எண் போல, ஒரு வளையம் தண்டுக்கு, ஒரு வளையம் கழிக்கு, நடுவில் ஒரு பின்னல். தண்டு வளையத்தில் ஒரு விரல் நுழைய வேண்டும்.

எந்தத் திசையில் நிறுத்துவது, எப்போது நிறுத்துவது?

தெற்கு வடக்காக ஓடும் படலின் இரு பக்கமும் வெயில் சமமாகக் கிடைக்கும். காற்று வழக்கமாக ஒரே பக்கத்தில் இருந்து வீசும் இடமானால் வெயிலைவிட அதையே முதலில் பாருங்கள். படலின் விளிம்பு காற்றைப் பார்க்கட்டும், முகம் பார்க்க வேண்டாம்.

விதைக்கும் முன்பே நிறுத்திவிடுங்கள். கொடி வந்த பிறகு கடப்பாரை போட்டால் வேர் அறுபடும். விதையைக் காலில் இருந்து ஒரு சாண் தள்ளி ஊன்றுங்கள்.

மக்காச்சோளத்தையே கொழுகொம்பாக விடலாமா?

பீன்ஸுக்கு விடலாம். சோளம் ஒரு சாணுக்குமேல் வளர்ந்த பிறகு பீன்ஸை ஊன்ற வேண்டும், இல்லாவிட்டால் கொடி முந்திக்கொண்டு தட்டையைச் சாய்த்துவிடும். சுரையையெல்லாம் அதன்மேல் ஏற்றாதீர்கள்.

பந்தல் ஏற்கெனவே சாய்ந்துவிட்டது. கொடியைக் காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும், அவசரப்படாவிட்டால். சாய்ந்த பந்தலை மேலே பிடித்துத் தூக்கினால் அத்தனை இழுப்பும் கொடியின் தூரில் போய் விழும். முதலில் முற்றிய காயையெல்லாம் பறித்து, பழுத்த இலைகளையும் கழித்துப் பாரத்தைக் குறையுங்கள். இழுகயிறுகளைக் கட்டி, முளைகளை அடித்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கொடியின் தூரைப் பார்த்துக்கொண்டே இருக்க, இருவர் அடியில் முட்டுக்கழி கொடுத்து ஒரு சாண் ஒரு சாணாக உயர்த்துங்கள். தூர் விறைத்தால் அங்கேயே நிறுத்திக் கட்டிவிடுங்கள். பாதி சாய்ந்த பந்தலிலும் காய்க்கும், இரண்டு நாளில் நுனிகள் தாமாக மேல்நோக்கித் திரும்பிவிடும்.

இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. நான் மேல்சட்டத்தைப் பிடித்து ஒரே மூச்சில் தூக்கினேன். மூன்று பீர்க்கில் இரண்டு தூரோடு நறுக்கென்று போனது. மூன்றாவது, பந்தலின் சாய்ந்த மூலையில் இருந்தது, அதுவரை என் பலம் எட்டவில்லை. அந்த மூலையை அப்படியே விட்டுவிட்டேன். முழங்கால் உயரத்தில், நான் குந்தி உட்கார்ந்து பறிக்கும்படி, இன்னும் ஒன்றரை மாதம் அது காய்த்தது.